நடுவில் ஒரு கதவு

செம்பூர், மும்பை

அன்புள்ள கோமு,

உன் கடிதத்தை நேற்று மத்தியானம் அடுப்படியில் நின்றபடியே படித்தேன். மூட்டு வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்பதும், மகளுக்கு உள்ளூரிலேயே வேலை அமைந்ததும் அவ்வளவு நிம்மதி. அதைப் பற்றியெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். சந்தைப் பக்கம் கிடைத்த பூனைக்குட்டியை வெள்ளிக்கிழமை வீட்டுக்குத் தூக்கிவரப் போகிறேன், பெரியது ரெண்டும் ஒரு நாள் சீறும், மறுநாள் சேர்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தாய் பார், அதைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது. ஏட்டி, குட்டியைத் தாராளமாகக் கொண்டுவா. ஆனால் பூனைகளுக்குள் ஒட்டும் லுகீமியா வைரஸுக்கான ரத்தப் பரிசோதனை முடிகிறவரை அதை மற்ற ரெண்டின் பக்கத்திலும் விடாதே.

நானும் போன வருஷம் உன்னைப் போலத்தான் நினைத்தேன். ஜூலை மழையில் எங்கள் சொசைட்டி கேட்டை ஒட்டி நின்ற ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் மணி கத்திக்கொண்டிருந்தான், உள்ளங்கை அளவுதான் இருப்பான். துண்டால் துடைத்து ஹாலில் விட்டேன். அன்று ராத்திரியே எங்கள் பெரிய பூனை ராசாத்தி அவன் காதை நக்கிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். நாலு நாளில் எங்கள் இன்னொரு பூனை அப்புவும் அவனும் ஒரே தட்டில் மூக்கை முட்டிக்கொண்டு மீன் தின்றார்கள். உனக்கு வீடியோ அனுப்பினேனே, அதேதான். அந்த நோய்க்கிருமி பரவுவதும் சரியாக அந்த வழியில்தான் கோமு. எச்சிலில் ஏராளமாக இருக்கும், மூக்குச் சளியிலும் இருக்கும். நக்கிக்கொடுப்பது, ஒரே கிண்ணத்தில் தின்பது, கடித்துச் சண்டை போடுவது, தாயிடமிருந்து குட்டிக்கு, இதெல்லாம்தான் அதன் பாதை. பாசமாக இருக்கும் பூனைகளுக்குள்தான் சுலபமாகப் போகும்.

மார்ச்சில் மணி தட்டுக்கு வருவதை நிறுத்தினான். வெயிலுக்குச் சோர்ந்திருக்கிறான் என்று ரெண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு ஊறவைத்த அவல் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. ரோஸ் நிறமாக இருக்க வேண்டிய இடம். பக்கத்தில் இருந்த கிளினிக்குக்கு ஓடினோம். ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னப் பட்டையில் விட்டு, பத்து நிமிஷம் கழித்து, ஃபிலைன் லுகீமியா, இந்த வாரமே ஊசி போட்டு உயிரை முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் மற்றதெல்லாம் செத்துப்போகும் என்றார்கள். மறு பரிசோதனை என்ற பேச்சே இல்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நானும் அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நல்லவேளை, மறுநாள் வேறொரு டாக்டரிடம் போனோம். அவர்தான் நிதானமாக உட்காரவைத்து விளக்கினார். அந்தப் பட்டை பார்ப்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு வைரஸ் புரதத்தை. ஒரு கோடு விழுந்ததை வைத்து எந்த உயிரையும் முடிக்கக் கூடாது, ஆய்வகத்துக்கு அனுப்பி, வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர் சோதனையும் பார்க்க வேண்டும் என்றார். கிருமி உள்ளே போன எல்லாப் பூனைக்கும் ஒரே கதி இல்லையாம். சில பூனைகளின் உடம்பு அதை முழுதாகத் துரத்திவிடும். சிலவற்றில் எலும்பு மஜ்ஜைக்குள் அடங்கித் தூங்கும், பட்டையில் தெரியாது, பி.சி.ஆரில் மட்டும் தெரியும், எதிர்ப்புச் சக்தி விழுந்தால் என்றைக்காவது விழித்துக்கொள்ளவும் கூடும். மூன்றாவது வகையில் ரத்தத்திலும் எச்சிலிலும் தங்கிவிடும். அந்த வகைதான் ரத்தசோகை, புற்றுநோய், சின்னக் காயம்கூட ஆறாமல் இழுத்தடிப்பது என்று போகும். அப்படிப்பட்ட பூனைகளில் பெரும்பாலானவை கண்டுபிடித்து மூன்று வருஷத்துக்குள் போய்விடுகின்றன. நம் மணி அந்த மூன்றாவதில்தான் இருக்கிறான்.

ஊரில் அண்ணி போனில் "கேன்சர் எப்படிம்மா ஒட்டும்?" என்று கேட்டாள். லுகீமியா என்றால் ரத்தப் புற்றுநோய் இல்லையா, அந்தப் பெயர் செய்யும் வேலை இது. 1964-இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் என்ற கால்நடை மருத்துவரும் அவர் குழுவும், சேர்ந்து வளர்ந்த பூனைகளுக்கு அடுத்தடுத்து நிணநீர்ப் புற்றுநோய் வருவதைப் பார்த்துத் தோண்டியபோது அகப்பட்ட வைரஸ் இது. புற்றுநோய் அது விளைவிப்பவற்றில் ஒன்றுதான். கேன்சர் என்று நினைத்தால் பரிதாபப்பட்டு எல்லாவற்றையும் ஒன்றாகவே வைத்திருப்போம். தொற்று என்று தெரிந்தால்தான் கதவைச் சாத்தத் தோன்றும்.

அன்றைக்கே ராசாத்திக்கும் அப்புவுக்கும் ரத்தம் எடுத்தோம். ரெண்டு பேருக்கும் இல்லை. துள்ளிக் குதித்திருப்பேன், டாக்டர் அடக்கினார். உள்ளே போன கிருமி பரிசோதனையில் தெரியச் சில வாரம் ஆகுமாம். அதனால் இன்றே பிரித்துவைத்து, குறைந்தது 30 நாள் கழித்து மறுபடி பாருங்கள் என்றார். அந்த ஒரு மாதம் எப்படிப் போனது என்று எழுத வரவில்லை. ராசாத்தி ஒரு வேளை சாப்பாட்டில் பாதி வைத்தால்கூட அவளைத் தூக்கி ஈறைப் பார்ப்பேன். மறு பரிசோதனையிலும் ரெண்டு பேருக்கும் இல்லை. அவளுக்கு ஏழு வயது, அப்புவுக்கு நாலு. வளர்ந்த பூனைகளுக்கு இதை எதிர்க்கும் சக்தி கொஞ்சம் கூடுதல், குட்டிகள்தான் சட்டென்று விழும். எட்டு மாசம் ஒரே தட்டில் தின்றும் தப்பித்தார்கள் என்றால் வயதுதான் காப்பாற்றியிருக்க வேண்டும். அதை நம்பி இனியும் விட முடியாது.

எங்கள் வீடு உனக்குத் தெரியும், ஒரு ஹால், ஒரு பெட்ரூம், கிச்சன், அவ்வளவுதான். பெட்ரூமை மணிக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறோம், அஞ்சு மாசம் ஆயிற்று. ஜன்னலுக்குப் புறா வலை முன்பே இருந்தது, அதை ஓரமெல்லாம் இறுக்கிக் கட்டினோம். அவனுக்குத் தனித் தட்டு, தனித் தண்ணீர்க் கிண்ணம், தனி மண் தொட்டி. எவர்சில்வர் கிண்ணம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று அடியில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்திருக்கிறேன், கழுவும்போது கவிழ்த்தாலே தெரியும். காலையில் முதலில் ராசாத்திக்கும் அப்புவுக்கும் போட்டு அவர்கள் தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டு, கடைசியாகத்தான் மணியிடம் போவேன். அங்கே போட்டுக்கொள்ளக் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய நைட்டி தொங்குகிறது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

போதும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே நோஞ்சான். காய்ந்த இடத்தில் சில மணி நேரம்கூடத் தாங்காது, சாதாரண சோப்பிலும் பிளீச்சிங் தண்ணீரிலும் செத்துவிடும். முதல் வாரம் நான் சுவரையெல்லாம் டெட்டால் போட்டுத் துடைத்தேன், அது வீண் வேலை. காற்றில் பறந்து வராது, கதவிடுக்கு வழியாகப் பாயாது. பூனையும் பூனையும் நெருங்கினால்தான் ஆபத்து. மனுஷருக்கும் நாய்க்கும் வராது. எங்கள் அத்தை இதை நாலு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு, இப்போது தினமும் சாயந்தரம் மணியோடு உட்கார்ந்துதான் ஜெபமாலை உருட்டுகிறார்.

கஷ்டம் கதவில்தான். முதல் ஒரு மாசம் அப்பு அந்தப் பக்கமே படுத்துக் கிடந்தான். கீழ் இடுக்கில் அவன் கையை விடுவான், உள்ளேயிருந்து மணி அதைத் தட்டுவான். அதைப் பார்த்து ஒரு நாள் நான் கதவைத் திறக்கவே போய்விட்டேன், ஒரு அஞ்சு நிமிஷம்தானே என்று. அவர்தான் கையைப் பிடித்தார். இப்போது அந்த இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டியாயிற்று. இதைக் கொடுமை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், மூன்றாவது மாடி அக்கா முகத்துக்கு நேரேயே சொன்னார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ராசாத்திக்கு ஒரு சளி வந்தால் நாலு நாளில் தும்மித் தீர்த்துவிடுவாள், அதே சளி மணியை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடும். அந்தக் கதவு அவனையும்தான் காக்கிறது.

தடுப்பூசியையும் கேட்டிருந்தாய். இங்கே வழக்கமாகப் போடும் மூன்று நோய் ஊசியில் லுகீமியா சேராது, அதைப் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதே. இதற்கு வேறு ஊசி. முதலில் 3, 4 வார இடைவெளியில் ரெண்டு, ஒரு வருஷம் கழித்து ஒன்று, அப்புறம் டாக்டர் சொல்லும் கணக்கில். கிருமி இல்லாத பூனைக்குத்தான் அது பயன்படும், மணிக்கு இனி ஒன்றும் செய்யாது, போட்டுக்கொண்ட பூனைக்கும் முழுக் காப்பு என்று கிடையாது. எங்கள் டாக்டரிடம் இருப்பு இல்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். கிடைத்தால் ரெண்டு பேருக்கும் போடுவேன். போட்ட பிறகும் கதவைத் திறக்க மாட்டேன்.

மணி இப்போது பரவாயில்லை. ஈறில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது. பச்சை மீன், பச்சைக் கறி எதுவும் கிடையாது, எல்லாம் வேகவைத்துத்தான். மீன்கார மௌஷி அவனுக்கென்று முள் குறைந்ததாகப் பார்த்து ஒதுக்கி வைக்கிறார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும், அடுத்தது செப்டம்பரில். இவன் இருக்கிறவரை இந்த வீட்டுக்குப் புதுப் பூனை எதுவும் கிடையாது என்று நாங்கள் ரெண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம், வாசலில் எது வந்து கத்தினாலும் கீழேயே சோறு வைத்து, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்வதோடு சரி.

உன் குட்டிக்கு வருகிறேன். மாடி அறை காலியாகத்தானே கிடக்கிறது, நேராக அங்கே கொண்டுபோய்விடு. முடிந்தால் வழியிலேயே பரிசோதனை செய்துவிடு, ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பார். இல்லை என்று வந்தாலும் ஒரு மாசம் கழித்து இன்னொரு தடவை பார்த்த பிறகுதான் கீழே இறக்க வேண்டும், தாய் யாரென்று தெரியாத குட்டி அது. பெரியது ரெண்டுக்கும் இதுவரை பார்த்ததே இல்லை என்றால் கையோடு பார்த்துவிடு. ஒருவேளை குட்டிக்கு இருக்கிறது என்று வந்தால் பதறி யார் பேச்சையும் கேட்டு முடிவெடுக்காதே. முதலில் என்னைக் கூப்பிடு. ராத்திரி பத்து மணிக்கு மேல் மணியோடு அந்த அறையில்தான் இருப்பேன், போனையும் கையிலேயே வைத்திருக்கிறேன்.

உன்,
சாந்தி