கார்ட்டென் என்று சொல்லி விற்ற ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகடு: முழுப் பணத்தையும் திருப்பித் தரவும்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
தோட்டச் சாமான் விற்பனை நிலையம், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பொருள்: மே மாதம் வாங்கிய 80 செ.மீ. ஃபயர்பிட் (தீ மூட்டும் கிண்ணம்) – தவறான விவரம் சொல்லி விற்றது – பணத்தைத் திருப்பிக் கேட்டல்.

ஐயா / அம்மா,

வணக்கம். கிண்ணத்தின் பூச்சு முதல் தீயிலேயே உரிந்து அடியில் வேறு உலோகம் தெரிகிறது என்று நான் கொடுத்த புகாருக்கு உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் பதில் கிடைத்தது. முதல் தீயில் மேல்பூச்சு உரிவது இயல்பாம்; நான் அதிகமாக விறகு போட்டுவிட்டேனாம்; ஆனாலும் நல்லெண்ணத்தோடு மூன்று மாதத்துக்குள் செலவழிக்க ஒரு வவுச்சர் தருவீர்களாம். வவுச்சர் வேண்டாம். நான் கேட்டது பூச்சுக்கு அடியில் இருக்கும் உலோகத்தைப் பற்றி. அதற்கு உங்கள் பதிலில் ஒரு வரி கூட இல்லை. உங்கள் கடையில் தமிழில் பேசித்தான் இதை விற்றார்கள், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி இணைப்பில் இருக்கிறது.

நான் விசாரிக்காமல் வாங்கவில்லை. எங்கள் வீட்டுப் பின்புறம் சின்னது. ஒரு பக்கம் பக்கத்து வீட்டு மரவேலி, மறுபக்கம் கார் நிறுத்தும் ஷெட். குளிர்காலமான ஜூன், ஜூலையில் எங்கள் ஊர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் புல் சருகாகக் கிடக்கும். அந்த நேரத்தில் பெர்க் காற்று (மலைப்பக்கமிருந்து வீசும் வறண்ட வெப்பக் காற்று) கிளம்பினால் ஒரு பொறி போதும். அதனால்தான் தரையில் கல் அடுக்கித் தீ மூட்டும் யோசனையை விட்டுவிட்டு, கால் வைத்த, மேலே பொறிவலை மூடி உள்ள கிண்ணமாகத் தேடினேன். வார்ப்பிரும்பு வேண்டாம் என்று முடிவு செய்தேன். நகர்த்த இரண்டு ஆள் வேண்டும், சூடாக இருக்கும்போது மழைத்தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என் பட்ஜெட்டுக்கு எட்டவில்லை. சாதா எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகடு மலிவுதான், ஆனால் எங்கள் கோடை மழையில் துருப்பிடித்து ஓட்டை விழும். மிஞ்சியது கார்ட்டென். செம்பும் குரோமியமும் கொஞ்சம் கலந்த எஃகு அது. மேலே பிடிக்கிற துருவே இறுகிப்போய் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். உங்கள் விளம்பரத்தில் "3 மி.மீ. கார்ட்டென் ஸ்டீல், புகையில்லாதது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். கடையில் இருந்த தம்பியிடம் "இது நிஜமாகவே கார்ட்டென்தானா, இல்லை துரு நிறத்தில் பெயின்ட் அடித்ததா?" என்று நேரடியாகவே கேட்டேன். "கார்ட்டென்தான் அண்ணே, பில்லிலேயே இருக்கும் பாருங்க" என்றார். பில்லில் இருக்கிறது. நகல் இணைத்திருக்கிறேன்.

முதல் தீ மூட்டிய அன்று காய்ந்த வாட்டில் மரக் கட்டைதான் போட்டோம், அதுவும் பாதிக் கிண்ணத்துக்கு. விறகு எவ்வளவு போடலாம் என்று உங்கள் விவர அட்டையில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அப்படி இருக்க "அதிக விறகு" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று புரியவில்லை. வருஷாவருஷம் குட் ஃப்ரைடே அன்று மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கிற ஊர் இது. கங்கு எப்படி இருக்கும் என்று எங்களுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கங்கு விழுந்த கொஞ்ச நேரத்திலேயே துரு நிறம் கொப்பளித்து உரிய ஆரம்பித்தது. அடியில் தெரிந்தது பளபளப்பான சாம்பல் நிறம், அதில் பூப்பூவாக வடிவங்கள். கூரைத் தகட்டில் எல்லோரும் பார்த்திருக்கும் அதே பூ. அப்புறம் அந்த இடங்களில் மஞ்சளாக ஏதோ படிந்தது, தீ அணைந்து ஆறியதும் அது வெள்ளைப் பொடியாக மாறியிருந்தது. டர்பனில் வெல்டர் வேலை பார்க்கும் என் மச்சான் படத்தைப் பார்த்ததும் போனிலேயே சொன்னார்: "முதல்ல பிள்ளைங்கள அதுக்கிட்ட போக விடாதே. அது ஜி.ஐ. தகடு."

துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். விறகுக் கங்கின் சூடு சாதாரணமாகவே 600 டிகிரியைத் தாண்டும். துத்தநாகம் பூசிய தகட்டைத் தொடர்ந்து 200 டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்தில் வைக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பழகிய வரம்பு. பூச்சு வெந்தால் ஆக்சைடாகும். சூட்டில் மஞ்சள், ஆறினால் வெள்ளை. நாங்கள் கண்ணால் பார்த்ததும் அதுதான். ஜி.ஐ. குழாயை வெல்டு செய்பவர்கள் அந்தப் புகையை இழுத்துவிட்டால் அன்று இரவே குளிரும் காய்ச்சலுமாகப் படுத்துவிடுவார்கள், மச்சானுக்கே அந்த அனுபவம் உண்டு. திறந்தவெளி என்பதால் எங்களில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் குளிருக்காக அந்தக் கிண்ணத்தை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் எண்பதை நெருங்கும் என் மாமனார். அதன் மேலேயே கம்பிவலை வைத்துச் சோளக்கதிர் சுட்டோம். தீ மூட்டுவதற்கென்றே விற்கும் சாமானைத் தீ படக் கூடாத தகட்டில் செய்து, அதை மறைக்க மேலே துரு நிறம் அடித்திருக்கிறார்கள். இது உங்கள் கடையின் வேலையா, உங்களுக்கு அனுப்பியவர்களின் வேலையா என்று எனக்குத் தெரியாது. பில் உங்களுடையது.

தகட்டின் தடிமனும் பொய். 3 மி.மீ. எஃகுத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 23.5 கிலோ வரும். 80 செ.மீ. வட்டத்தைத் தட்டையாக வெட்டினாலே 11 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் கிண்ணம் கால், வலைமூடி எல்லாம் சேர்த்து எங்கள் வீட்டுத் தராசில் 8 கிலோ. வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்ததில் 1.2 மி.மீ. என் சின்ன மகள் அதை ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறாள்.

"புகையில்லாதது" பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு இரட்டைச் சுவர் வேண்டும். இரண்டு சுவருக்கு நடுவே காற்று சூடாகி ஏறி, மேல்விளிம்பு ஓட்டைகள் வழியாக வந்து புகையை எரிக்க வேண்டும். இதில் இருப்பது ஒற்றைச் சுவரும் இலை வடிவத்தில் அலங்கார ஓட்டைகளும்தான். எங்கள் ஊர் பள்ளத்தில் இருக்கிறது, குளிர்கால இரவில் புகை மேலே போகாமல் அப்படியே தங்கும் என்று கடையில் எடுத்துச் சொல்லித்தான் இதைக் கேட்டு வாங்கினேன். பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். அடியில் தண்ணீர் வடியும் ஓட்டை இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைத்தண்ணீரில் ஊறிய சாம்பல் காரமாகி, மிச்சமிருக்கும் துத்தநாகத்தையும் அரிக்கும்.

இனி சட்டம். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (எண் 68), பிரிவு 55, சாமான் அதன் வேலைக்குத் தகுந்ததாகவும் தரமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அப்படி இல்லையென்றால், கையில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்கிறது பிரிவு 56. பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் தருவதா என்பதை முடிவு செய்வது வாங்கியவர். திருப்பி எடுத்துப்போகும் செலவும் விற்றவருடையது. ஆகவே "கிண்ணத்தை டர்பன் கிளைக்குக் கொண்டுவாருங்கள், பார்க்கிறோம்" என்பது நடக்காது. உங்களுக்காக N3 நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் ஓட்டிவர நான் தயாராக இல்லை. பில்லின் அடியில் "பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று அச்சடித்திருக்கிறீர்கள், சட்டம் தந்த உரிமையை அந்த வரி பறிக்க முடியாது. இதே மாதிரி வேறொன்று மாற்றித் தருவதாகப் போனில் சொன்னீர்கள். அதே தகட்டில் செய்த இன்னொன்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நான் கேட்பது: கிண்ணத்தின் விலை 5,400 ரேண்ட், டெலிவரிக்குக் கட்டிய 350 ரேண்ட், இரண்டும் நான் பணம் கட்டிய அதே வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். இந்த மாடல் எந்த உலோகம், எவ்வளவு தடிமன் என்று எழுத்தில் பதில் வேண்டும். இதை வாங்கிய மற்றவர்களுக்கும் நீங்கள் தகவல் சொல்ல வேண்டும். உங்கள் டெலிவரி வண்டியில் அன்று இதே பெட்டிகள் இன்னும் சில இருந்ததைப் பார்த்தேன். அந்த வீடுகளிலும் இந்தக் குளிரில் தீ எரிந்துகொண்டிருக்கும். எனக்குப் பணம் வந்த பிறகும் இந்தக் கோரிக்கையை விடமாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்து 15 வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் பொருள், சேவைகளுக்கான ஆம்பட் (குறைதீர்ப்பாளர்) அலுவலகத்தில் புகார் கொடுப்பேன். அங்கேயும் முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையம். உரிந்த பூச்சையும் வெள்ளைப் பொடியையும் தனித்தனிப் பையில் போட்டு வைத்திருக்கிறேன், உங்கள் ஆள் வந்து பார்க்கலாம். கிண்ணத்தை எடுத்துப்போக வண்டி அனுப்பும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். வாரநாட்களில் மதியம் மூன்று மணிக்கு மேல்தான் வீட்டில் ஆள் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
நார்த்டேல், பீட்டர்மாரிட்ஸ்பர்க்.

இணைப்பு: பில் நகல், விளம்பரப் படம், தராசு மற்றும் வெர்னியர் அளவுப் படங்கள், உங்கள் சேவைப் பிரிவின் பதில், இந்தக் கடிதத்தின் ஆங்கிலப் பிரதி.