முதலில் சாப்பிடு, பிறகு பேசலாம்

பொறையாறு,
மாசி மாதம்.

கர்த்தருக்குள் பிரியமான தோழிக்கு,

ஸ்தோத்திரம். இந்தத் தொடக்கத்தைப் பார்த்ததும் நீ சிரித்திருப்பாய். விடுதியில் வார்டன் அம்மா நமக்குச் சொல்லிக்கொடுத்தது. வேறு மாதிரி எழுத இன்னும் கை வரவில்லை. உனக்கு வாட்ஸப்பிலேயே பதில் போட்டுவிடலாம் என்று இருந்தேன். ஆனால் நீ நாலு பக்கம் கையால் எழுதி அனுப்பியிருக்கிறாய். அதற்குக் கட்டைவிரலால் பதில் சொல்வது மரியாதை இல்லை.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பா அறுவடை ஒருவழியாக முடிந்தது. கதிர் முற்றிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதால் பாதிப் பயிர் சாய்ந்துவிட்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள் அல்லவா? நெல்லைக் கொட்டிக் காயவைப்பது, மேகம் கறுத்தால் அள்ளி மூடுவது, மறுபடி கொட்டுவது என்று என் வீட்டுக்காரர் அங்கேயே குடியிருந்தார். நான் சோற்றுத் தூக்கோடு போய்வந்தேன். இப்போது அந்த அலைச்சல் இல்லை. பெரியவன் துபாயில் நலம். சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம். அவள் எங்களைப் பார்த்துக் கேலி செய்கிறாள்.

இனி உன் விஷயம்.

ஜெபிக்க முழங்கால் போட்டால் தூக்கம் வருகிறது, தூங்கப் படுத்தால் ஜெபிக்கவில்லையே என்று மனம் குத்துகிறது என்று எழுதியிருக்கிறாய். உன் மாமியார் படுக்கையில் விழுந்ததிலிருந்து அலுவலகம், வீடு, அவரை இரவில் புரட்டிப் படுக்கவைப்பது, ஞாயிறு பள்ளி, பெண்கள் சங்கம் எல்லாம் உன் ஒருத்தி தலையில். இவ்வளவுக்கும் மேல் ஒருவர் வீட்டுக்கு வந்து, "இது விசுவாசக் குறைவு, மூன்று நாள் உபவாசம் இருங்கள்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போயிருக்கிறார். அந்தக் காப்பியையும் நீதான் போட்டிருப்பாய். எனக்கு வந்த கோபத்தை இந்தத் தாளில் எழுத முடியாது.

அவர் வேதத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை வாசித்ததில்லை போலிருக்கிறது. நீ இன்று இரவு அதை மட்டும் எடுத்து வாசி. அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் தீர்க்கதரிசி எலியாவின் ஜெபத்துக்கு வானத்திலிருந்து அக்கினி இறங்குகிறது, மூன்றாண்டுப் பஞ்சத்துக்குப் பின் மழை கொட்டுகிறது. அவ்வளவு பெரிய வெற்றி. மறுபக்கம் புரட்டினால் அதே மனிதன் ராணி யேசபேலின் ஒரே ஒரு மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறான். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறான். விசுவாசம் குறைந்தவனா அவன்? களைத்துப்போனவன், அவ்வளவுதான்.

ஓடுகிற வழியில் அவன் செய்த ஒன்றை நாம் கவனிப்பதே இல்லை. பெயெர்செபா என்ற ஊரில் தன் வேலைக்காரனை நிறுத்திவிட்டுத் தனியாகப் போகிறான். உடம்பும் மனமும் ஓய்ந்துபோனவர்கள் முதலில் செய்வது இதைத்தான். கூட இருக்கிற ஒரே துணையையும், 'உனக்கு ஏன் சிரமம், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அனுப்பிவிடுவார்கள். உன் நாத்தனார் ஒரு வாரம் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றபோது நீ வேண்டாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் எனக்குப் பெயெர்செபாதான் ஞாபகம் வந்தது.

சாகக் கேட்டவனுக்குக் கர்த்தர் என்ன பதில் கொடுத்தார் என்று பார். பிரசங்கம் செய்யவில்லை, உபவாசம் இருக்கச் சொல்லவில்லை. தூங்கவிட்டார். தூதன் வந்து தட்டி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான். அதற்கும் ஒரு கண்டிப்பு இல்லை. தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான், போகவேண்டிய தூரம் அதிகம் என்று. அந்தப் போஜனத்தின் பலத்தில்தான் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போகிறான். பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, அதன்பின் கர்த்தர் பேசுகிற அந்த மெல்லிய சத்தம் எல்லாம் அப்புறம்தான். அடை முதலில், மெல்லிய சத்தம் பிறகு. இந்த வரிசையை மாற்றிப் போதிக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

ஓரேபில் கர்த்தர், "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்று கேட்கிறார். நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன் என்று அவன் புலம்புகிறான். அந்த மெல்லிய சத்தத்துக்குப் பிறகு அதே கேள்வி; எலியாவும் வரி மாறாமல் அதே புலம்பலைத் திரும்பச் சொல்கிறான்! இவ்வளவு கண்ட பிறகும் மனிதன் மாறவில்லை. ஆனாலும் கர்த்தர் கோபப்படவில்லை. பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் போடாதவர்கள் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று கணக்கைத் திருத்துகிறார். கூட ஒரு ஆளையும் கொடுக்கிறார். அந்த ஆள் எங்கே கிடைக்கிறான் தெரியுமா? வயலில். பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த எலிசா. இந்த இடத்தை வாசித்தபோது என் வீட்டுக்காரருக்கு வந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும்.

அவர் சொன்ன ஒன்றையும் சேர்த்து எழுதுகிறேன். இங்கே சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவோம். ஆடுதுறை 3 ரகம். தண்ணீர் பாய்ச்சுவதில்லை, மிச்ச ஈரத்திலும் பனியிலுமே அது வளர்ந்துவிடும். இப்போது அறுவடை இயந்திரம் ஏறி மிதிப்பதால் பலர் விட்டுவிட்டார்கள். இவர் பிடிவாதமாகக் கைஅறுப்புக்கு ஆள் தேடி ஒரு துண்டு நிலத்திலாவது தெளித்துவிடுகிறார். கேட்டால், "நெல்லுக்கு மேல் நெல் என்று வாங்கிக்கொண்டே இருந்தால் மண் என்ன ஆகும்? உளுந்து வேர் மண்ணுக்குத் தழைச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும்" என்பார். லேவியராகமம் 25-இல் ஏழாம் வருடம் நிலத்துக்கே ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறது. நிலத்துக்கு அவ்வளவு பார்த்த கர்த்தர் உன்னிடம் மட்டும் வருடம் முழுவதும் நெல் கேட்கிறார் என்று யார் உனக்குச் சொன்னது?

நம் சபைகளில் ஒரு பழக்கம் உண்டு. சோர்ந்துபோனவர்களுக்குப் புதுப்பெலன் கிடைக்க ஜெபிப்போம், அந்தப் பெலன் வந்ததும் பழைய பாரத்தையே தூக்கிக் கையில் கொடுப்போம். ஏசாயா 40-ஐப் பாட்டாகப் பாடுவோம். "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ" என்று தொடங்குகிறதே, அந்தக் காத்திருப்புக்கு மட்டும் யாருக்கும் நேரம் கொடுக்க மாட்டோம்.

போன வாரம் தரங்கம்பாடிக்குப் போனபோது புதிய எருசலேம் ஆலயத்துக்குள் சற்று உட்கார்ந்திருந்தேன். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706-இல் இங்கே கரையிறங்கினார். தமிழ் படித்தார், நான்கு மாதம் சிறையில் இருந்தார், 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார், 1718-இல் இந்த ஆலயத்தை எழுப்பினார், 1719-இல் இதற்குள்ளேயே அடக்கம்செய்யப்பட்டார். வயது 36. பள்ளியில் படித்தபோது இதை அவருடைய வைராக்கியத்துக்குச் சாட்சியாகச் சொல்லித்தந்தார்கள். இப்போது என் மகனைவிடச் சற்றே பெரியவன் என்று அவரைப் பார்க்கிறேன். தம்பி, கொஞ்சம் தூங்கியிருக்கலாமே என்றுதான் வாயில் வந்தது. அவர் செய்த வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் அச்சிட்ட வேதத்தின் வழியில் வந்ததைத்தான் நாம் வாசிக்கிறோம். ஆனாலும்.

என் வீட்டுக்காரருக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்த வருடம் நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன். அதே ஆலயத்தில், வாரநாட்களில், கடைசி பெஞ்சில் போய் உட்காருவேன். ஜெபமும் இல்லை, வாசிப்பும் இல்லை. உட்கார்ந்துவிட்டு வருவேன். ரோமர் 8-இல் ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறதே, என் பங்குக்கு நான் பெருமூச்சை மட்டும் கொண்டுபோனேன். சங்கீதங்களில் 88 எனக்குத் துணையாக இருந்தது. அது கடைசி வரை இருட்டிலேயே நிற்கிறது, நன்றாக முடிகிற மாதிரி நடிப்பதில்லை. எந்தத் தரிசனமும் எனக்குக் கிடைக்கவில்லை. பல மாதம் கழித்து, மீன் அலசிக்கொண்டிருந்தபோது வாய் தானாக ஒரு கீர்த்தனையை முணுமுணுப்பதைக் கவனித்தேன். எப்போது திரும்பி வந்தது என்று எனக்கே தெரியாது.

இன்னொன்று. ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் உடனே பரிசோதித்துவிடு. நம் வயதில் பாதிச் சோர்வு அங்கேதான் ஒளிந்திருக்கும். அதன் பிறகும் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமில்லாமல் போனால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதே. பவுல் கூடவே வைத்துக்கொண்ட லூக்கா வைத்தியர்தானே.

இப்போது நான் கேட்பது இதுதான். நாத்தனாருக்கு நீயே போன் செய்து, வரச் சொல். லெந்து என்னும் தவக்கால நாட்களில் ஞாயிறு பள்ளியை விட எப்படி மனம் வரும் என்று கேட்பாய். அந்த வகுப்பை நடத்த உங்கள் சபையில் ஏழாயிரம் பேர் வேண்டாம், ஒருவர் போதும். கோயம்புத்தூரில் காலையில் ஜன சதாப்தி ஏறினால் மதியம் மயிலாடுதுறையில் இறங்கிவிடலாம். என் வீட்டுக்காரர் வண்டியோடு நிற்பார். இங்கே வந்து உன்னை யாரும் சாட்சி சொல்லச் சொல்ல மாட்டார்கள். சமையலறைப் பக்கம் வந்தால் நானே துரத்திவிடுவேன்.

உன் வீட்டுக்கார அண்ணனுக்கு என் அன்பைச் சொல். மாமியாரை இரவில் புரட்டிப் படுக்கவைக்கும் வேலையில் பாதி அவருடையது என்றும் சொல். நான் சொன்னதாகவே சொல்.

டிக்கெட் எடுத்ததும் தேதியை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பு.

அன்புடன்,
உன் பொறையாற்றுக்காரி