மெஷின் வந்துருச்சு, வாத்தியார் எப்போ வருவாரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐடிஐ-ங்களை (தொழில் கத்துக்குடுக்குற இடங்க) எல்லாம் புதுப்பிக்க 60 ஆயிரம் கோடின்னு உங்க பேப்பர்ல படிச்சதுலருந்து எழுதணும்னு நினைச்சுட்டே இருந்தேன், இன்னைக்கு பவர் கட், லேத் ஓடல, அதான் உக்காந்துட்டேன். நான் பெங்களூரு பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியா செகண்ட் ஸ்டேஜ்ல நாலு லேத் வச்சு ஜாப் ஒர்க் பண்றவன். நானும் ஐடிஐ-ல டர்னர், அதாவது லேத் வேலை படிச்சவன் தான், தியரி எல்லாம் கன்னடத்துல எழுதி பாஸ் பண்ணவன்.

சென்டர் 30 ஆயிரம் கோடி, ஸ்டேட்டுங்க 20, கம்பெனிங்க 10, மொத்தம் 1000 அரசு ஐடிஐ, 5 வருஷத்துல 20 லட்சம் பசங்கன்னு கணக்கு சொல்றாங்க. நல்ல விஷயம், குறை சொல்லல. ஆனா எங்க அண்ணன் பையன் கதைய கேளுங்க. எஸ்எஸ்எல்சி முடிச்சு எலக்ட்ரீஷியன் கேட்டான், கிடைக்கல, ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு பேட்ச்சுக்கு 20 பேர் தானே. டர்னர் தான் கிடைச்சுது, சரி நம்ம தொழில்தானேன்னு நானே சேத்து விட்டேன். காலேஜ் பேர் வேணாம். அங்க புதுசா கம்ப்யூட்டர்ல ஓடுற சிஎன்சி மெஷின் வந்து இறங்கிருக்கு, மேல போட்ட பிளாஸ்டிக் கவர கூட இன்னும் எடுக்கல. ஏன்டான்னு கேட்டா "தொடக்கூடாதுன்னு சொல்லிருக்காங்க சித்தப்பா, சார் வந்தப்புறம் தானாம்"ங்கிறான். டர்னருக்கு இன்ஸ்ட்ரக்டரே இல்ல, ஃபிட்டர் சார் தான் ரெண்டையும் சேத்து பாக்குறாரு, அவர் மட்டும் என்ன பண்ணுவாரு பாவம். ஒரு ஞாயித்துக்கிழமை நம்ம ஷாப்புக்கு கூட்டிட்டு வந்து நுணுக்கமா அளவு எடுக்குற வெர்னியர கையில குடுத்து அளவு சொல்லுடான்னா முழிக்கிறான், சேந்து ஏழு மாசம் ஆச்சு சார்!

எனக்கு சொல்லிக்குடுத்த சார் முதல் ஒரு மாசம் லேத் பக்கமே விடல. ஒரு இரும்புத் துண்ட குடுத்து அரம் போடச் சொல்வாரு, போட்டு எடுத்துட்டுப் போனா மூலை மட்டம் பாக்குற ட்ரை ஸ்கொயர வச்சு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பாரு, நடுவுல ஒரு முடி அளவு வெளிச்சம் தெரிஞ்சாலும் ஒண்ணும் பேசாம திருப்பிக் குடுத்துடுவாரு. உள்ளங்கை பூரா கொப்புளம். ஆனா அந்தக் கை தான் இன்னைக்கு பன்னெண்டு பேருக்கு சம்பளம் குடுக்குது. அந்த ஆள எந்த டெண்டர்ல வாங்குவாங்க?

ஆளே இல்லன்னு சொல்லாதீங்க. ஜாலஹள்ளி எச்எம்டி மெஷின் ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க இங்க சுத்துவட்டாரத்துல எவ்வளவு பேர் இருக்காங்க, காலைல பார்க்ல வாக்கிங் போயிட்டு வந்து பேப்பர் படிச்சுட்டு வீட்ல சும்மா இருக்காங்க. இன்ஸ்ட்ரக்டர் ஆகணும்னா சிஐடிஎஸ்னு வாத்தியார் ட்ரெயினிங் சர்டிபிகேட் வேணும், ஒரு வருஷ கோர்ஸ். பர்மனென்ட் போஸ்ட்டுக்கு அத கேளுங்க, நியாயம் தான், ஆனா 65 வயசு ஆள போய் ஒரு வருஷம் பெஞ்ச்ல உக்காருன்னா வருவாரா? ப்ராக்டிகல் மட்டும் பாக்க மணிக்கு இவ்வளவுன்னு கையில குடுத்து கூப்பிடுங்க, ஓடி வருவாங்க.

இன்னொண்ணு, ராத்திரி பேட்ச். என்கிட்ட ரெண்டு பசங்க ஹெல்பரா இருக்காங்க, பத்தாவது பாஸ் ஆகல. வெல்டர் ட்ரேடுக்கு எட்டாவது பாஸ் போதும், ஒரே வருஷம், சேருங்கடான்னா "அண்ணே பகல்ல கிளாஸுக்குப் போனா வீட்டு வாடகை யாரு குடுப்பா"ன்னு கேக்குறாங்க, எனக்கு பதில் இல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அந்த ஒர்க்‌ஷாப் எல்லாம் பூட்டித்தானே கிடக்கு, கட்டடம் கட்டாமலே சீட்டு கூடுமே, இத யாராச்சும் யோசிச்சாங்களா? ஒர்க்‌ஷாப் ஏரியா முழுக்க இந்த மாதிரி பசங்க தான்.

அண்ணன் பையன் இப்போ ஞாயிறு ஞாயிறு என் ஷாப்புக்கு வர்றான். போன வாரம் வெர்னியர்ல 0.02 மில்லிமீட்டர் வரைக்கும் கரெக்டா படிச்சான். சிஎன்சி எனக்கே தெரியாது, அத அவனுக்கு யாரு சொல்லிக்குடுப்பான்னு தான் கேக்குறேன்.

இப்படிக்கு,
ஒரு டர்னர், பீன்யா, பெங்களூரு