பேட்ச் வந்து வருஷமாச்சு, நம்ம பாக்ஸுக்கு எப்ப சார் வரும்?

ஆசிரியருக்கு வணக்கம்,

ஓடிபி சொல்லாதீங்க, லிங்க்கை தொடாதீங்கன்னு எல்லா பேப்பர்லயும் வருது, நல்லது தான், எங்க அம்மா அதைப் படிச்சுட்டு பேங்க்ல இருந்து நிஜமாவே வந்த காலையும் கட் பண்ணிட்டாங்க. ஆனா டிவி பக்கத்துல பச்சை லைட்டோட ஒக்காந்திருக்கே ரவுட்டர், அதுக்குள்ள ஓடற சாஃப்ட்வேர் எவ்ளோ பழசு, அதுல இருக்கற ஓட்டையை அடைக்கற பேட்ச் ஏன் நம்ம வீட்டுக்கு வர்றதில்லன்னு யாரும் எழுதறதே இல்ல, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நான் சின்ன ஆஃபீஸ், ஹாஸ்டல், டியூஷன் சென்டருக்கெல்லாம் நெட்வொர்க் வேலை பாக்கறவன். திருவல்லிக்கேணில ஒரு மேன்ஷன்ல இருந்து மேனேஜர் பாய் போன் பண்ணாரு. "தம்பி, ராத்திரி 9 மணி ஆனா நெட் செத்துடுது, கஸ்டமர் கேர்ல கேட்டா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கறான், பண்ணா சரியாகுது, ரெண்டு நாள்ல திரும்ப அதே கதை." போய் பாத்தா லைட்டெல்லாம் ஒழுங்கா எரியுது, முன்னாடியே மேட்ச் பாத்துட்டு இருந்த பையனுக்கு தடங்கல் இல்லாம ஓடுது, புதுசா எதைத் திறந்தாலும் வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது. ரவுட்டர் பாக்ஸ்ல லாகின் பண்ணி, அதுல ஓடற லினக்ஸோட அடிப்படை சாஃப்ட்வேரான கர்னல் எழுதி வைக்கற லாக்கை எடுத்தா ஒரே வரி பக்கம் பக்கமா: கான்ட்ராக் டேபிள் ஃபுல், டேட்டா பாக்கெட்டை ட்ராப் பண்றேன்.

பாய்க்கு அவரோட ரிஜிஸ்டரை வச்சே சொன்னேன். உள்ள வர்ற போற ஒவ்வொரு கனெக்‌ஷனையும் ஃபயர்வால், அதாவது பாக்ஸுக்குள்ள காவல் காக்கற சாஃப்ட்வேர், ஒரு நோட்டுல எழுதி வைக்கும், அது தான் கான்ட்ராக் டேபிள். சொல்லிட்டு போனவன் பேரை அடிச்சிடும், சொல்லாம கொள்ளாம போனவன் பேரு அப்படியே இருக்கும், எவ்ளோ நேரம்னா லினக்ஸ்ல டீஃபால்ட் 4,32,000 செகண்ட், அதாவது முழுசா 5 நாள். இந்தச் சின்ன பாக்ஸ்ல நோட்டுக்கு மொத்தமே 4,096 வரி. நாப்பது பசங்க, அதுல ரெண்டு பேரு டோரன்ட் போடறாங்க, நோட்டு ரொம்பிடுச்சு, ரூம் காலியா இருக்கு ஆனா ரிஜிஸ்டர்ல எடம் இல்லன்னு புதுசா வர்றவனை வாசல்லயே திருப்பி அனுப்புது. ரீபூட் பண்ணா நோட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு புது நோட்டு, அவ்ளோதான் கஸ்டமர் கேர் வைத்தியம். நான் அந்த 5 நாளை 7,440 செகண்டா குறைச்சேன், 2 மணி 4 நிமிஷம், 2008ல வந்த ஆர்எஃப்சி 5382ங்கற இன்டர்நெட் விதிமுறை அதுக்குக் கீழ போகாதேன்னு சொல்ற அளவு. அன்னைலருந்து பாய் போன் பண்ணல.

இது பக் கூட இல்ல, செட்டிங். என்னை உலுக்கினது வேற. உள்ள போனது போனோம்னு கர்னல் வெர்ஷன் பாத்தேன், 2.6.36. அது 2010 அக்டோபர்ல வந்தது! பாக்ஸ் வாங்கி ரெண்டு வருஷம் தான் ஆகுது, பில் இருக்கு.

2010க்கு அப்புறம் அந்த நெட்வொர்க் கோட்ல எத்தனை ஓட்டை அடைச்சிருக்காங்க தெரியுமா. 2019 ஜூன்ல சேக் பேனிக்னு ஒண்ணு, நெட்ஃபிளிக்ஸ்ல வேலை பாக்கறவங்க கண்டுபிடிச்சாங்க, வெளியில இருந்தே ஏடாகூடமா டிசிபி பாக்கெட் அனுப்பி கர்னலைப் படுக்க வைக்கலாம், 2.6.29ல இருந்து எல்லா வெர்ஷனுக்கும் அந்த வியாதி. வெளிய சொன்ன அன்னைக்கே பேட்சும் ரெடி. அதே மாதிரி ஃபயர்வால் பகுதியான என்எஃப்டேபிள்ஸ்ல ஒரு பக், பாயோட பழைய கர்னல்ல இல்ல, புதுசுல தான், 2014ல வந்த 3.15லருந்து யார் கண்ணுலயும் படாம கெடந்துச்சு, 2024 ஜனவரில சரி பண்ணிட்டாங்க, ஓட்டைகளுக்குப் போடற பட்டியல்ல சிவிஇ 2024-1086ன்னு நம்பர். மே மாசம் அமெரிக்காவோட சைபர் பாதுகாப்பு அமைப்பு சிசா, இதை வச்சு நெஜமாவே தாக்கறாங்கன்னு லிஸ்ட்ல சேத்துச்சு. பேட்ச் வந்து நாலு மாசம் கழிச்சு! அடைச்ச ஓட்டைல தான் திருடன் போறான், ஏன்னா அடைப்பு வீடு வரைக்கும் வரல.

பேட்ச் எழுதறவங்களை நான் கொறை சொல்லவே மாட்டேன். ஒரு தடவை கர்னல் மாத்தினதும் ஒரு ஆஃபீஸ்ல ஐபி போன்ல ஒரு பக்கம் சத்தம் வரல, எந்த மாத்தத்துல கெட்டுச்சுன்னு கிட் பைசெக்ட் போட்டு தேடினேன், பாதி பாதியா பிரிச்சு பிரிச்சு பாக்கறது, பத்தாயிரத்துக்கு மேல மாத்தம் இருந்தாலும் 14 தடவை பில்ட் பண்ணா ஆள் சிக்கிடுவான், ரெண்டு ராத்திரி நாலு டீ. கண்டுபிடிச்சு ரிப்போர்ட் எழுதி அனுப்பலாம்னு பாத்தா அதுக்கு ஏற்கனவே ஒருத்தர் பேட்ச் போட்டு, இன்னொருத்தர் சரி பாத்து, ஸ்டேபிள் வெர்ஷனுக்கும் போயிடுச்சு. எனக்கு கொஞ்சம் வருத்தம் தான்.

அவ்ளோ வேகமா அங்க வேலை நடக்குது, கீழ்ப்பாக்கம் வாட்டர் ஒர்க்ஸ்ல தண்ணி சுத்தம் பண்ணி ரெடியா நிக்குது, நம்ம தெருவுக்கு மட்டும் பைப் கனெக்‌ஷன் குடுக்கல. அந்த ரவுட்டர் கம்பெனிக்கு மெயில் போட்டேன். லினக்ஸ் கர்னல் ஜிபிஎல் 2ங்கற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்ல வர்றது, நாம கேட்டா பாக்ஸ் விக்கறவன் சோர்ஸ் கோட் குடுக்கணும், அதையாவது குடுங்கன்னு கேட்டேன். உங்க மாடலுக்கு சப்போர்ட் முடிஞ்சுடுச்சு, புது மாடல் பாருங்கன்னு பதில், சோர்ஸ் பத்தி மூச்சே இல்ல. 2003ல லிங்க்சிஸ்ங்கற ரவுட்டர் கம்பெனி தன்னோட ரவுட்டர் சோர்ஸை வெளிய விட்டதால தான், ரவுட்டர்ல நாமளே ஏத்திக்கற இலவச சாஃப்ட்வேரான ஓப்பன்டபிள்யூஆர்டியே பொறந்துச்சு, நான் ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய ரவுட்டர் வாங்கி அதைத்தான் ஏத்தறேன், ஆனா எல்லா பாக்ஸ்லயும் ஏறாது, கேபிள்காரர் குடுக்கற ஃபைபர் பாக்ஸ்ல பெரும்பாலும் ஏறவே ஏறாது.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. பிரிட்டன்ல 2024 ஏப்ரல் 29லருந்து நெட்ல சேர்ற சாமான் விக்கறவங்க, எவ்ளோ நாள் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் குடுப்போம்னு சொல்லியே ஆகணும்னு சட்டம். இங்கயும் அதே மாதிரி அட்டைப்பெட்டி மேல ஒரு தேதி அடிக்கச் சொல்லுங்க, ஆவின் பாக்கெட்ல இருக்கற மாதிரி. மாசாமாசம் பில் வாங்கற இன்டர்நெட் கம்பெனிங்க, தாங்க குடுத்த பாக்ஸ்ல எந்த கர்னல் ஓடுதுன்னு கேட்டா பதில் சொல்லணும். இதை நீங்க ஒரு நாள் விரிவா எழுதினா என்னை மாதிரி ஆளுங்க கடை கடையா போய்ப் பேசறதுக்கு கையில ஒரு பேப்பராவது இருக்கும்.

பாய் அன்னைக்கு காசு குடுக்கும்போது, "இது இன்னும் எத்தனை நாளைக்கு தாங்கும் தம்பி"ன்னு கேட்டாரு. பாக்ஸைத் திருப்பிப் பாத்தேன், 12 வோல்ட்னு மட்டும் போட்டிருந்துச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை