செவ்வாய்க்கிழமை நாலு மணி ஆட்டம்

எடிசன், நியூ ஜெர்சி
மே 2026

அன்புள்ள அருணுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீயும் அப்பாவும் போட்ட சத்தத்தில் என்னை ஒரு வார்த்தை பேச விடவில்லை. அதனால் எழுதுகிறேன். இந்த உலகக் கோப்பை முடிந்ததும், நம் ஊரில் கால்பந்து என்கிற சாக்கர் இந்த நாட்டில் ஃபுட்பாலுக்கு, அதாவது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டத்துக்கு, சமமாக உட்கார்ந்துவிடும் என்கிறாய் நீ. அமெரிக்கர்களுக்கு அது ஒருநாளும் ஒட்டாது என்கிறார் அப்பா. அவருக்குக் கிரிக்கெட்டைத் தவிர எதுவுமே விளையாட்டு இல்லை, விடு. ஆனால் நீ அடுக்கிய காரணங்களும் எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் கூட்டம். உங்கள் அட்லாண்டாவில் எம்.எல்.எஸ். லீக்கின் 2018 இறுதி ஆட்டத்துக்கு 73,019 பேர் வந்தார்கள் என்று சொன்னாய். வந்தார்கள்தான். ஆனால் இங்கே நியூ ஜெர்சியில், மெடோலாண்ட்ஸ் ஸ்டேடியத்தில் 1977 ஆகஸ்டில் நியூயார்க் காஸ்மாஸ் அணியின் ஆட்டம் ஒன்றுக்கு 77,691 பேர் வந்திருக்கிறார்கள். பெலே இருந்தார், பெக்கன்பவர் இருந்தார், அணியை வைத்திருந்த வார்னர் கம்யூனிகேஷன்ஸ் கம்பெனி பணத்தைக் கொட்டியது. காஸ்மாஸைப் பார்த்து மற்ற அணிகளும் புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட மாதிரி வெளிநாட்டு நட்சத்திரங்களை வாங்கின. பார்க்க ஆள் இல்லாத ஊர்களிலும் அணிகளைத் திறந்தார்கள். 1984 சீசனோடு அவர்கள் ஆடிய அந்தப் பழைய லீக்கே மூடியாகிவிட்டது. வருகிற ஜூலை 19 அன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடக்கப்போவது அந்தப் பழைய ஸ்டேடியம் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயேதான். எண்பதாயிரம் பேர் வருவார்கள். அதை வைத்து நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

மெஸ்ஸி வந்ததால் மாறிவிட்டது என்கிறாய். கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் அவ்வப்போது அமெரிக்கர்களிடம் பார்ப்பதற்கு மிகப் பிடித்த விளையாட்டு எது என்று கேட்கும். 2017இல் சாக்கர் என்று சொன்னவர்கள் 7 சதவீதம். 2023 டிசம்பரில், மெஸ்ஸி மயாமிக்கு வந்து சில மாதங்கள் ஆனபிறகு, 5 சதவீதம். ஃபுட்பால் 37இலிருந்து 41க்கு ஏறியிருந்தது. மயாமி அணியின் பிங்க் சட்டை போட்ட பிள்ளைகளை இங்கே எல்லாக் கடைத்தெருவிலும் பார்க்கிறேன். அவர்கள் மெஸ்ஸியின் ரசிகர்கள். அவர் ஓய்வு பெற்றபிறகு மயாமி அணியைப் பார்ப்பார்களா என்பதுதான் கேள்வி.

அதற்காக அப்பா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன் என்று நினைக்காதே. இது நேற்று இறக்குமதியான விளையாட்டு என்று அவர் பேசுவது தப்பு. நம் பக்கத்து கெர்னியையே பார். நூல் ஆலைகளில் வேலை செய்ய ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள் அந்த ஊரில் 19ஆம் நூற்றாண்டிலேயே பந்து உதைத்தார்கள். முதல் உலகக் கோப்பை 1930இல் நடந்தபோது அமெரிக்கா அரையிறுதி வரை போனது. 1950இல் பிரேசிலில் இங்கிலாந்தை 1-0 என்று தோற்கடித்தது. கோல் போட்ட ஜோ கெய்ட்ஜென்ஸ் ஹெய்ட்டிக்காரர். அப்புறம் நாற்பது வருஷம் உலகக் கோப்பைக்கே தகுதி பெறவில்லை. 1990இல் மறுபடி போன அணியில் ஹார்க்ஸ், ராமோஸ், மியோலா என்று மூன்று பேர் கெர்னியில் வளர்ந்தவர்கள். அந்தச் சின்ன ஊரிலிருந்து மூன்று பேர் எப்படி வந்தார்கள்? தாத்தாவும் மாமாவும் பக்கத்து வீட்டுக்காரரும் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஊர் அது.

நான் சொல்ல வருவது இந்த வேலியோரத்தைப் பற்றித்தான்.

நீ ஹைஸ்கூலில் ஆடிய காலத்தில் உன் ஆட்டங்கள் செவ்வாய்க்கிழமையோ வியாழக்கிழமையோ சாயந்திரம் நாலு மணிக்கு இருக்கும். நான் ஆபீஸில் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடிவருவேன். பார்க்க யார் இருப்பார்கள்? மடக்கு நாற்காலியோடு பத்துப் பன்னிரண்டு பெற்றோர், ஒரு நாய், அவ்வளவுதான். அதே பள்ளியில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் ஆட்டத்துக்கு உன் அக்கா பேண்டில் வாசிக்கிறாள் என்று நாங்களும் போவோம். விளக்கு வெளிச்சம், டிரம், சியர்லீடர்கள், ஹாட் சாக்லேட் விற்கும் அம்மாக்கள். என் பக்கத்தில் எப்போதும் ஒரு வயதானவர் உட்காருவார். அவருக்கு அந்தப் பள்ளியில் பிள்ளையும் இல்லை, பேரனும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பையனின் பெயரும் நம்பரும் தெரியும். தேங்க்ஸ்கிவிங் காலையில் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு நடக்கும் ஆட்டத்துக்காக வேறு மாநிலத்திலிருந்து ஊருக்குத் திரும்பி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற மாதிரிதான் போகிறார்கள்.

எனக்கு அன்றும் அந்த விளையாட்டின் விதிகள் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. ஆனால் அதன் பலம் எங்கே இருக்கிறது என்பது அந்தப் பெஞ்சில் புரிந்தது. டிவியில் கோடிக்கணக்கானவர்கள் பார்ப்பது கடைசியில் நடப்பது. தன் பிள்ளை ஆடாத ஆட்டத்தையும் போய்ப் பார்க்கிற ஊர் அதற்கு முன்னாலேயே தயாராக இருக்கிறது. சாக்கரில் ஆடுகிற பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். உன் வயதுப் பிள்ளைகளில் சின்ன வயதில் பந்து உதைக்காதவர்கள் குறைவு. 1996 தேர்தலில், பிள்ளைகளை ஆட்டத்துக்குக் காரில் கூட்டிப்போகும் ‘சாக்கர் அம்மாக்களின்’ ஓட்டு யாருக்கு என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. பிள்ளை ஆடுவதை நிறுத்தியதும் அம்மாவும் நாற்காலியை மடக்கி டிக்கியில் போட்டுவிடுகிறாள், அடுத்த வருஷம் அந்த மைதானத்துப் பக்கம் தலைகாட்டுவதில்லை. நானே காட்டவில்லை.

இது பெண்கள் சாக்கரில் எப்படி வேறாகப் போனது என்று பார். 1972இல் டைட்டில் ஒன்பது சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் பள்ளியும் கல்லூரியும் ஆண் பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பது சட்டம். விளையாட்டும் அதில் அடக்கம். கல்லூரிகள் பெண்களுக்கு அணி தொடங்க வேண்டியிருந்தது, சாக்கருக்குச் செலவு குறைவு, ஒரே அணியில் நிறையப் பேரைச் சேர்க்கலாம். நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்திலிருந்து மியா ஹாம் மாதிரி ஒரு வரிசையே வந்தது. வேறு பல நாடுகள் பெண்களுக்கு மைதானம் கொடுக்கவே யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. 1991, 1999, 2015, 2019 என்று நாலு உலகக் கோப்பை. பக்கத்து வீட்டு லிண்டாவிடம் ஒரு டிக்கெட் மிச்சமிருந்தது, 1999 ஜூனில் டென்மார்க்கோடு நடந்த முதல் ஆட்டத்தை அவளோடு போய்ப் பார்த்தேன். இதே மெடோலாண்ட்ஸ். 78,972 பேர். சிறுமிகள் முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு. இறுதி ஆட்டத்துக்கு ரோஸ் பவுலில் 90,185 பேர். ஆனால் அந்தக் கூட்டத்தை நம்பி ஆரம்பித்த பெண்கள் லீக் மூன்று சீசனில் 2003இல் மூடிவிட்டது. பெரிய நாளில் வருகிற கூட்டமும் சாதாரண நாளில் வருகிற கூட்டமும் வேறு என்று அப்போதும் தெரிந்தது. இப்போதைய லீக் 2013இல் மெல்ல ஆரம்பித்தது. கான்சாஸ் சிட்டியில் 2024இல் பெண்கள் அணிக்கென்றே 11,500 இருக்கையில் ஸ்டேடியம் கட்டியிருக்கிறார்கள். எனக்கு எண்பதாயிரத்தை விட இந்தப் பதினோராயிரத்தில் நம்பிக்கை அதிகம்.

பையன்களுக்கு நேர் எதிராக நடந்தது. 2007இல் அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பு, திறமையான பையன்களைத் தனியாகப் பயிற்றும் அகாடமி முறையைக் கொண்டுவந்தது. 2012இலிருந்து வருஷத்தில் பத்து மாதம் பயிற்சி, பெரும்பாலான பையன்கள் பள்ளி அணியில் ஆடக் கூடாது என்று ஆனது. 2020இல் அதை மூடிய பிறகும் அந்த மனப்போக்கு போகவில்லை. ஆட்டத்தின் தரம் உயர்ந்தது, மறுக்கவில்லை, பையன்கள் ஐரோப்பாவுக்கும் போனார்கள். ஆனால் ஊர் பார்க்கக்கூடிய ஒரே இடத்திலிருந்து நல்ல ஆட்டக்காரர்களை எடுத்துக்கொண்டு போய், நெடுஞ்சாலை ஓரத்துச் செயற்கைப் புல்லில் யாருமில்லாமல் ஆடவிட்டார்கள்.

அதற்குக் கட்டணம் வேறு. உன்னைச் சேர்த்த கிளப்பின் பெயரை எழுதக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. சீசன் கட்டணம், சீருடைக்குத் தனி, டெலவேருக்கும் மேரிலேண்டுக்கும் டோர்னமென்ட் என்று ஹோட்டல் செலவு தனி. நம்மால் முடிந்தது, கட்டினோம். உன்னோடு ஆடிய அந்த எக்வடோர் பையன் நினைவிருக்கிறதா? உன்னை விட நன்றாக ஆடுவான், கோபித்துக்கொள்ளாதே. அவன் அப்பா கூரை வேலை செய்தார். பதினாலு வயதில் அவன் வருவது நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் அவர்கள் ஊர்க்காரர்கள் நடத்தும் ஆட்டத்தைப் பார்த்தால் நான் சொல்லும் வேலியோரம் அங்கே அப்படியே இருக்கும். சோளம் சுடுகிற பெண்கள், கத்துகிற கிழவர்கள், குழந்தைகள். ஸ்பானிஷ் பேசும் வீடுகளில் இது எப்போதோ முதல் விளையாட்டு. அமெரிக்காவில் சாக்கர் வேர் பிடிக்குமா என்று கேட்கிறவர்கள் அந்தப் பார்க்கை அமெரிக்கா என்று எண்ணுவதில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

அப்பா சொல்லும் விளம்பரக் காரணமும் கொஞ்சம் உண்மை. நாற்பத்தைந்து நிமிஷம் நிற்காமல் ஓடும் ஆட்டத்தில் டிவிக்காரன் எங்கே காசு பார்ப்பான்? இந்த உலகக் கோப்பையில் ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிஷம் தண்ணீர் இடைவேளை என்கிறார்கள். வெயிலுக்காகவாம். கூரை போட்ட, ஏசி ஓடுகிற உங்கள் அட்லாண்டா ஸ்டேடியத்திலும் வெயிலா?

ஆக என் கணக்கு இது. எம்.எல்.எஸ். லீக் இனி மூடாது. 1996இல் பத்து அணி, பிறகு பன்னிரண்டு, 2002இல் இரண்டை மூடி மறுபடி பத்து, ஒருகட்டத்தில் ஃபிலிப் அன்ஷூட்ஸ் என்ற பணக்காரர் ஒருவரே ஆறு அணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்று முப்பது அணி, சான் டியேகோ அணி உள்ளே வர 50 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. உன் காலத்திலேயே பேஸ்பாலுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். ஃபுட்பாலை எட்டாது. எட்டியே ஆகவேண்டும் என்று உனக்கு ஏன் இத்தனை ஆவேசம் என்பது எனக்கு விளங்கவில்லை.

சரி, நீ கேட்ட விஷயம். சாயந்திர வேலையாக அங்கே ஒரு கிளப்பில் கோச்சாகப் போவதா, பள்ளியில் உதவிக் கோச்சாகப் போவதா என்று கேட்டாயே. கிளப்பில் காசு நன்றாக வரும். பள்ளியில் வருவது உன் பெட்ரோலுக்கே காணாது. உனக்கு ஆபீஸ் சம்பளம் இருக்கிறது, பள்ளிக்குப் போ. ஜார்ஜியாவில் பள்ளி சாக்கர் வசந்த காலத்தில் நடப்பதாகச் சொன்னாய். இங்கே மாதிரி இலையுதிர் காலத்தில் ஃபுட்பாலோடு மோதவேண்டியதில்லை. அப்படியென்றால் பிரின்சிபாலைப் பார்த்து, ஃபுட்பால் ஆடுகிற அதே மைதானத்தில், அதே விளக்கைப் போட்டு, மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரியாவது ஆட்டம் வைக்கச் சொல். பேண்டையும் கேள். கூச்சப்படாதே, கேட்டால்தான் கிடைக்கும். கட்டணம் கட்ட முடியாத பையன் எவனாவது அங்கே கட்டாயம் இருப்பான், அவனைப் பார்த்துக்கொள்.

ஜூலை 15 அரையிறுதிக்கு எங்களுக்கு டிக்கெட் எடுக்கப் போவதாக உன் அக்காவிடம் சொன்னாயாம். எடுக்காதே. அந்த விலைக்கு நாங்கள் இரண்டு பேரும் மதுரைக்கே போய் வந்துவிடலாம். உன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறோம், அப்பா பாதியில் தூங்கிவிடுவார். அதற்குப் பதிலாக அடுத்த வசந்தத்தில் உன் பள்ளி ஆட்டங்களின் தேதியை முன்கூட்டியே அனுப்பு, நான் லீவு சொல்லவேண்டும். மோர் மிளகாயும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சல் போட்டிருக்கிறேன். ஊறுகாய் பாட்டில் மூடி கொஞ்சம் லூஸ், பிரிக்கும்போது பார்த்துப் பிரி.

அன்புடன்,
அம்மா