ஒரு ரெப்போவுக்கு ஒரு சாவி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சொந்தமாக எழுதிய நிரலை இணையத்தில் ஏற்றுவது பற்றி உங்கள் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் ஒரு கட்டுரை வந்திருந்தது. நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தின் கணக்கை, அவற்றை இணையத்தில் ஓடவைக்கும் கிளவுட் சேவையோடு இணைத்து, அனுமதிப் பொத்தானை அழுத்தினால் ஐந்து நிமிடத்தில் தளம் தயார் என்று எழுதியிருந்தார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தப் பொத்தான் நம்மிடம் எதற்கு அனுமதி கேட்கிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. படிக்கிற பிள்ளைகள் அதைப் பார்க்காமலே அழுத்தப் பழகிவிடுவார்களே என்ற கவலையில் எழுதுகிறேன்.

நான் அவிநாசியில் வீட்டிலிருந்தே நிரல் எழுதுகிறவள். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் என்னைத் தேடி வருவதில்லை. பவர் டேபிள் போட்டுத் துணி தைத்துக் கொடுப்பவர்கள், செக்கிங் அயர்னிங் எடுத்துச் செய்பவர்கள், ஒரு சாயப்பட்டறை, இவர்கள்தான் எனக்கு வேலை கொடுக்கிறவர்கள். பீஸ் ரேட் கணக்கு, டெலிவரி சலான், சனிக்கிழமைச் சம்பளம் எல்லாம் நான் எழுதிய நிரலில் ஓடுகின்றன. நிரல்கள் கிட்ஹப்பில் தனித்தனி ரெப்போவாக, அதாவது ஒவ்வொன்றுக்கும் ஓர் அறைபோல, வெளியார் பார்க்க முடியாதபடி பிரைவேட்டாக இருக்கின்றன. 2019 ஜனவரியில் இலவசக் கணக்குக்கும் பிரைவேட் ரெப்போ கிடைத்த பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்கு அது கட்டுப்படியானது.

சாயப்பட்டறையின் ரெப்போவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டையிங் மாஸ்டர் கையில் ஒரு ஷேடு நோட்டு இருக்கும். எந்தத் துணிக்கு எந்தச் சாயம் எத்தனை சதவீதம், உப்பு எவ்வளவு, சோடா எவ்வளவு, எந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் என்று வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து எழுதியது. பட்டறையின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. அந்த நோட்டை நான் கணினியில் ஏற்றிக் கொடுத்தபோது, அனுபவம் போதாமல், ஷேடு பட்டியலையும் நிரலோடு சேர்த்து அதே ரெப்போவில் வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு அயர்னிங் யூனிட்டுக்குச் சின்னதாக ஒரு சலான் செயலி செய்து, அதைக் கிளவுட் சேவை ஒன்றோடு இணைத்தேன். இரவு பதினொரு மணி. காலையில் லோடு போக வேண்டும் என்று அவர்கள் அவசரப்படுத்தினார்கள். அனுமதித் திரையில் இரண்டு தெரிவுகள் இருந்தன: எல்லா ரெப்போக்களும், தேர்ந்தெடுத்த ரெப்போக்கள் மட்டும். நான் முதலாவதை அழுத்திவிட்டுப் படுத்துவிட்டேன்.

2022 ஏப்ரலில் கிட்ஹப் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஹெரோகு, டிராவிஸ் சிஐ என்ற இரண்டு சேவைகளுக்குப் பயனாளர்கள் கொடுத்திருந்த ஓஆத் டோக்கன்களை, அதாவது கடவுச்சொல் இல்லாமலே உள்ளே விடும் அனுமதிச் சீட்டுகளை, யாரோ திருடி, அவற்றைக் கொண்டு பல நிறுவனங்களின் பிரைவேட் ரெப்போக்களை இறக்கியிருக்கிறார்கள் என்றது. நிரலாளர்கள் ஆயத்த நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும் என்பிஎம் அமைப்பும் அதில் அடக்கம். கிட்ஹப்பின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. ரெப்போவின் சொந்தக்காரர்கள் நம்பிக் கொடுத்து வைத்திருந்த சாவி, கொடுத்த இடத்திலிருந்து களவு போயிருந்தது.

நான் அந்தச் சேவைகளைப் பயன்படுத்தியவள் இல்லை. ஆனாலும் அன்று ராத்திரியே செட்டிங்ஸில் அப்ளிகேஷன்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சலான் செயலிக்காக இணைத்த சேவை என்னுடைய ஒன்பது ரெப்போவையும் படிக்கலாம் என்று இருந்தது. ஒன்பதில் ஒன்று ஷேடு நோட்டு. நான் இனிமேல் திறக்கப்போகிற ரெப்போவுக்கும் அந்த அனுமதி தானாகவே செல்லும் என்பதையும் அன்றுதான் படித்தேன். எதுவும் களவு போகவில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போய் முதலாளியிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நோட்டு உங்ககிட்டத்தான இருக்குதுன்னு நெனச்சேனுங்க அம்மிணி. இன்னொருத்தரு கையிலயும் சாவி இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களே" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இணைக்கும்போது தேர்ந்தெடுத்த ரெப்போக்கள் மட்டும் என்பதை அழுத்தி, வேண்டிய ஒன்றை மட்டும் காட்டலாம். அதற்கு வழியில்லாத சேவையாக இருந்தால் டிப்ளாய் கீ என்ற, ஒரே ரெப்போவுக்கான சாவி இருக்கிறது. ஒரு ஜோடிச் சாவியை உருவாக்கி, பொதுச் சாவியை அந்த ஒரு ரெப்போவின் செட்டிங்ஸில் ஒட்டிவிட்டு, ரகசியச் சாவியைச் சேவையிடம் கொடுப்பது. நாமாக எழுதும் அனுமதியை டிக் செய்து கொடுத்தாலன்றி அது படிக்க மட்டும்தான் செய்யும். ஒரு ரெப்போவில் போட்ட டிப்ளாய் கீயை இன்னொரு ரெப்போவில் போட்டால் கிட்ஹப் ஏற்றுக்கொள்ளாது. எனக்கு மிகவும் பிடித்த கண்டிப்பு அது. சாவி தொலைந்தாலும் ஓர் அறைதான் திறக்கும்.

ஷேடு பட்டியலையும், டேட்டாபேஸ் கடவுச்சொல்லையும் ரெப்போவிலிருந்து எடுத்துவிட்டேன். சும்மா அழித்து கமிட் செய்தால், அதாவது மாற்றத்தைப் பதிந்தால் போதாது, பழைய கமிட்டுகளில் அப்படியே கிடக்கும். அதனால் புது ரெப்போ தொடங்கி, கடவுச்சொல்லையும் மாற்றினேன்.

இன்னொன்று. பெருமாநல்லூர்ப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் யூனிட்டில் நிரல் எழுதிக் கொடுத்த பையன், கிளவுட் சேவையைத் தன் சொந்தக் கணக்கின் அனுமதியில் இணைத்திருந்தான். அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனதும் ரெப்போவிலிருந்து அவன் பெயரை எடுத்தார்கள். அதோடு புதிதாக எதையும் ஏற்ற முடியாமல் போய்விட்டது. சேவை அவன் அனுமதியில்தானே உள்ளே வந்துகொண்டிருந்தது! சீசன் நேரத்தில் பத்து நாள் ரேட்டு மாற்ற முடியாமல் கையால் சலான் எழுதினார்கள். பையன் மேல் தப்புச் சொல்ல மாட்டேன், அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கணக்கு யூனிட்டின் பெயரில் இருக்க வேண்டும். ஆள் மாறினால் ஆளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கோவையிலும் ஈரோட்டிலும் பெருந்துறையிலும் எத்தனை இன்ஜினியரிங் கல்லூரிகள் இருக்கின்றன. என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவிகள் நிரலை நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் அனுமதித் திரையைப் படித்துச் சொல் என்றால் விழிக்கிறார்கள். இவர்கள் கையில்தான் நாளை நம் பக்கத்துத் தறிக்கூடங்களின் கூலிக் கணக்கும், மஞ்சள் மண்டிகளின் வரவு செலவும் வந்து சேரப் போகின்றன.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரைக்கு அடுத்த பகுதி போடும்போது, அனுமதித் திரையின் படத்தை நன்றாகத் தெரியும் அளவில் போடுங்கள். இரண்டு தெரிவுகளுக்கும் தமிழில் பொருள் எழுதுங்கள். ஏற்கெனவே கொடுத்த அனுமதிகளை எந்தப் பக்கத்தில் பார்ப்பது, எப்படித் திரும்ப வாங்குவது என்பதையும் சேர்த்துவிடுங்கள். அன்றைக்குப் பத்துப் பிரதி வாங்கி, எனக்கு வேலை கொடுக்கிற ஒவ்வொரு யூனிட்டிலும் ஒன்று கொடுத்துவிட்டு வருகிறேன். முதலில் சாயப்பட்டறைக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அவிநாசி.