ஹோஸ் கிழிந்ததற்கு மிக்ஸரையே மாற்றுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் குளியலறையில், வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் மிக்ஸர் குழாயோடு இணைந்த கைஷவரின் ஹோஸ் சென்ற வாரம் நட்டை ஒட்டிய வளைவில் கிழிந்துவிட்டது. பார்க்க வந்த பிளம்பர், போர்வெல் உப்பில் மிக்ஸரே கெட்டுப்போயிற்று என்றும், டைல்ஸைச் சற்று உடைத்துப் புதியது பொருத்தினால்தான் சரியாகும் என்றும் கூறினார். ஆனால் மிக்ஸரின் வாயிலோ கைப்பிடியிலோ ஒரு சொட்டும் கசியவில்லை. ஆகவே, பழைய ஹோஸைக் கழற்றிக் கையோடு ஹார்டுவேர் கடைக்கு எடுத்துச் சென்றேன்.

கடைகளில் கிடைக்கும் கைஷவர் ஹோஸ்கள் பெரும்பாலும் இரு முனையிலும் அரை அங்குல மரை கொண்டவை என்பதால், மிக்ஸர் ஒரு நிறுவனத்தினுடையதாகவும் ஹோஸ் வேறொன்றினுடையதாகவும் இருப்பதில் தடையில்லை. நீளத்தை மட்டும் பழையதோடு ஒப்பிட்டு, 1 மீட்டரா 1.5 மீட்டரா என்று பார்த்து வாங்கினால் போதும். கூம்பு வடிவ முனை கைஷவருக்கு, பட்டை நட் மிக்ஸருக்கு.

தவறு நேர்வது வாஷரில்தான். பழைய வாஷர் மிக்ஸரின் வாயிலேயே ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். அதைச் சுரண்டி எடுக்காமல் புதியதை அதன்மேல் வைத்து முடுக்கினால் கசிவு தொடரும். இந்த இணைப்பில் தண்ணீரைத் தடுப்பது வாஷரே அன்றி மரையன்று. எனவே பலரும் செய்வதுபோல் டெஃப்லான் டேப்பைச் சுற்றுவதால் பயனில்லை. நட்டின் பளபளப்புக் கெடாமலிருக்கத் துணியைச் சுற்றி, கையால் முடுக்கியபின் ஸ்பேனரால் சிறிதளவு திருப்பினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் வாஷர் நசுங்கிவிடும்.

ஹோஸ் விரைவில் கிழிவதற்கு நம் பழக்கமும் ஒரு காரணம். மிக்ஸரைத் திறந்தபடியே விட்டு, கைஷவரில் உள்ள பொத்தானால் மட்டும் தண்ணீரை நிறுத்தினால், பிரஷர் பம்பின் முழு அழுத்தமும் நாள் முழுவதும் ஹோஸின் உட்குழாயின்மேல் நிற்கிறது. கழிப்பறையின் ஹெல்த் ஃபாசெட்டுக்கும் இது பொருந்தும். அத்துடன், மிக்ஸரின் இரு பக்கமும் திறந்திருந்தால் கீசரின் வெந்நீர் குளிர்நீர்க் குழாய்க்குள் ஏறிவிடவும் வாய்ப்புண்டு.

நான் வாங்கிய பெட்டியில் இரண்டு வாஷர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே இருந்தது. அந்த ஒரு ரப்பர் வளையத்துக்காக நான்கு கடை ஏறி இறங்கினேன். மூன்றில் "தனியாக விற்பதில்லை, புது ஹோஸ் வாங்குங்கள்" என்றார்கள். 2024 கோடைத் தட்டுப்பாட்டின்போது தண்ணீரைச் சிக்கனப்படுத்த, காற்றைக் கலந்து விடும் ஏரேட்டரைக் குழாய்களில் பொருத்தச் சொன்ன நகரம் இது. சொட்டும் இணைப்பைச் சரிசெய்ய உதவும் வாஷர்களைக் கடைக்காரர்கள் தனியாகவும் விற்க வேண்டும். ஹோஸ் தயாரிப்பாளர்கள் நீளத்தையும் மரை அளவையும் பெட்டியின்மேல் கன்னடத்திலும் தமிழிலும் தெளிவாக அச்சிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு.